கிட்டார் மேல் போட்ட அம்மன் பாட்டு

மேடையில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாசிக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. விரல்கள் கம்பிமேல் ஓடுகின்றன. எதிரே மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கிறது. படத்தில் இத்தனையும் தெளிவாகத் தெரிகிறது. கேட்பது என்னவோ, ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அலறுமே, அந்த மாதிரி ஒரு அம்மன் பாட்டு. உடுக்கை உண்டு, குலவை உண்டு. கிட்டார் மட்டும் கிடையாது.

அம்மன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் பாட்டை அங்கே கொண்டுபோய் ஒட்டினானே அந்த வீடியோக்காரன், அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் கோபம் நியாயமா இல்லையா என்று தெரியும்.

அந்தக் குழுவில் நாலு பேர். நாலு பேரும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள். கிட்டார் வாசித்தவர் குளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வளைகுடா நாட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது, ஒரே அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் போடும் ராக் இசையைக் கேட்டுக் கேட்டு அதிலேயே விழுந்துவிட்டார். கூடப் போனவர்கள் எல்லாம் திரும்பி வரும்போது சங்கிலியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்து இறங்கினார். அதற்காக வீட்டில் நடந்த சண்டை ஊர் முழுக்கத் தெரியும். டிரம்ஸ் வாசித்தவர் அறந்தாங்கிப் பக்கம் லோடு வேன் ஓட்டினார். பேஸ் கிட்டாரும் கீபோர்டும் அண்ணன் தம்பிகள், பாத்திரக் கடை வைத்திருந்தவர்கள். பாட்டுப் பாடுவதும் அவர்களில் தம்பிதான்.

ராக் இசை என்று நோட்டீஸ் அடித்தால் எங்கள் பக்கத்தில் எந்த விழாக் கமிட்டி கூப்பிடும்? அதனால் 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்றே அடிப்பார்கள். முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு, அப்புறம் நாலைந்து சினிமாப் பாட்டு. கமிட்டிக்காரர்கள் டீ குடிக்க எழுந்து போகிற நேரம் பார்த்து ஒரு பாட்டின் நடுவில் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் வாசிப்பு மட்டும்தான். எங்கே போகும், எப்போது திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. கிட்டார் ஒன்றைச் சொல்லும், டிரம்ஸ் அதை வாங்கி வேறு மாதிரித் திருப்பிக் கொடுக்கும், பேஸ் அடியிலேயே நடந்து வரும். முதல் வாரம் ஒரு ஊரில் கேட்டதை அடுத்த வாரம் வேறு ஊரில் கேட்க முடியாது. அதே பாட்டு, ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு.

இளவட்டங்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வாடிவாசலில் மாட்டை விடுவதற்குச் சொல்கிற வார்த்தைதான். "அவுத்து விட்டாங்கடா" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். உடனே பஜ்ஜிக் கடையில் நின்றவர்கள்கூடத் தட்டோடு மேடைப் பக்கம் வந்துவிடுவார்கள். நானும் என் கணவரும் அலுவலகம் விட்டு வந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு, இவர்கள் எங்கே வாசித்தாலும் போய்விடுவோம். குழந்தை குட்டி இல்லாதவர்கள், வேறு வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் அது இசை என்று கடைசிவரை பிடிபடவே இல்லை. பாட்டு என்றால் யாராவது வாயைத் திறந்து பாட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஒரு ஊரில், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கமிட்டிப் பொருளாளர் மேடை ஏறி மைக்கைப் பிடித்து, டெஸ்ட் பண்ணியது போதும், சட்டுப்புட்டென்று பாட்டை ஆரம்பியுங்கள் என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுமாவடியில் நடந்தது இன்னும் அழகு. நன்றாக அவிழ்த்து விட்டிருந்த நேரத்தில் ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினார். அவர் கையால் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம், உடனே வாசிப்பை நிறுத்த வேண்டுமாம். அறிவிப்பாளர் மைக்கில் கெஞ்சிப் பார்த்தார். கிட்டார்க்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. பெரிய மனிதருக்குப் பொறுமை போய், பக்கத்திலிருந்த டிரம்ஸ்காரரின் தோளில் பொன்னாடையைப் போட்டார். டிரம்ஸ்காரரின் கை நின்றால்தானே அது தோளில் நிற்கும்? சரிந்து நேராக டிரம் மேலேயே விழுந்தது. அடுத்த அடி தொப்பென்று கேட்டது.

அந்தச் சத்தம் டிரம்ஸ்காரருக்குப் பிடித்துப்போய்விட்டது. பொன்னாடையை எடுக்காமல் அதன் மேலேயே மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். ஈர மணலில் யாரோ நடந்து போகிற மாதிரி இருந்தது. கிட்டார் அதைக் கேட்டுத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. மேடையில் பெரிய மனிதர் போட்டோவுக்காகச் சிரித்தபடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஜரிகைப் பொன்னாடை ஒன்று உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர்களைக் கூப்பிடவில்லை.

மீமிசல் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நடந்த கச்சேரிதான் எல்லாவற்றுக்கும் மேலே. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். கடல் காற்று மைக்கில் புஸ்ஸென்று அடித்தது. மூன்றாவது பாட்டிலேயே அவிழ்த்து விட்டார்கள். கூட்டத்தில் மீன் ஏலம் விடுகிறவர் ஒருவர் இருந்தார். தோளில் துண்டு, எட்டூருக்குக் கேட்கும் குரல். கிட்டார்க்காரர் ஒரு கம்பியை இழுத்து நிறுத்தியபோது, இவர் விளையாட்டாக எழுந்து, மீன் இறங்குகிற இடத்தில் விலையை ஏற்றிக் கூவுவதுபோல ஒரு கூவல் விட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கிட்டார்க்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கூவலை அப்படியே கம்பியில் வாசித்து, கடைசியில் ஒரு படி ஏற்றி வைத்தார். யாரோ கூடுதல் விலை கேட்டதுபோல இருந்தது. ஏலக்காரர் விடுவாரா? இன்னும் ஏற்றினார். கிட்டார் அதற்கும் மேலே போனது. டிரம்ஸ் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் விரட்டியது. எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. ஏலக்காரர் குரல் உடைந்து, துண்டை உதறிப் போட்டுவிட்டு மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். கிட்டார் அதற்குப் பிறகு தனியாகப் போனது. அழவேண்டிய காரணம் ஒன்றும் இல்லை, நான் அழுதேன். என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அவர் தன் போனில் கொஞ்சம் பதிவு செய்தார். டிரம்ஸ் சத்தம் தாங்காமல் அது கொறகொற என்றுதான் வந்தது. அதனால் என்ன, கமிட்டி ஏற்பாடு செய்த வீடியோக்காரர் பெரிய கேமராவைக் கால் நட்டு நிறுத்தியிருந்தார், அவர் கேமராவுக்கு மிக்ஸரிலிருந்தே ஒயர் போயிருந்தது. இது பத்திரமாக இருக்கும் என்று, போனில் இருந்ததை அழித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

சில வருடம் கழித்து கிட்டார்க்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயலுக்கு மோட்டார் போடப் போனவர், வரப்பிலேயே விழுந்துவிட்டார். அத்தோடு குழுவும் முடிந்தது. துக்கம் கேட்கப் போனபோதுதான் அவர் மனைவியை முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை ஊரில் இத்தனை கச்சேரி கேட்ட நாங்கள் அவளை எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. படுக்கையில் கிடந்த மாமியார், கறவை மாடுகள், இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பிவிட முடியாத வீடு. ஊர் ஊராக நாங்கள் ரசித்துத் திரிய, அவள் வீட்டில் கிடந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் அடிக்கடி அவள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். ஒரு நாள் கட்டில்மேல் கிடந்த கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு வாசிச்சத நான் கேட்டதே இல்லக்கா. சத்தம் வர்ற பெட்டி எப்பவும் டிரம்ஸ் அண்ணன் வேன்லதான் கெடக்கும். வீட்டுல கரண்டு இல்லாமத்தான் வாசிப்பாரு. மொறத்துல அரிசி பொடைக்கயில கல்லு உருளுமே, அம்புட்டுத்தான் கேக்கும். காலையில நான் பால் கறக்கயில பக்கத்துல ஒக்காந்து வாசிப்பாரு. எப்படி இருக்குன்னு கேப்பாரு. நல்லா இருக்குன்னு சொல்லுவேன். நெசமா என்னா சத்தம் வரும்னு எனக்குத் தெரியாது."

மீமிசல் கச்சேரி வீடியோவில் இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். அவள் நான் சொன்னதை நம்பினாள். நானும் நம்பினேன்.

கமிட்டித் தலைவரைப் பிடித்து, அவர் மூலம் வீடியோக்காரரைப் பிடித்து, பென்டிரைவ் ஒன்று கைக்கு வந்து சேருவதற்குள் என் செருப்பு தேய்ந்தது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் போன அன்று அவள் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாடுகளுக்கு முன்கூட்டியே தண்ணீர் காட்டிவிட்டாளாம், நடுவில் எழுந்து போகக் கூடாது என்று.

முதல் இரண்டு பாட்டும் சரியாகத்தான் வந்தன. தம்பி பாடினான், கிட்டார் பின்னால் லேசாகக் கேட்டது. மூன்றாவது பாட்டில் அவன் பாடி நிறுத்தினான். கிட்டார்க்காரர் முன்னால் வந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நொடியில் கிளம்பியது அந்த அம்மன் பாட்டு.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு வீட்டு ரேடியோ என்றுகூட நினைத்தேன். படத்தில் ஏலக்காரர் எழுந்து வாயைத் திறந்தார், குலவைச் சத்தம் வந்தது. கிட்டார்க்காரர் கம்பியை இழுத்தார், உடுக்கை கேட்டது. ஒரு பாட்டு முடிந்து இன்னொரு அம்மன் பாட்டு ஆரம்பித்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்.

"இம்புட்டு நல்லாவா வாசிச்சாரு?"

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பொய்யோடு அவளை விட்டிருக்கலாம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். என்னால் முடியவில்லை. கரண்டில்லாத கிட்டாரோடு அத்தனை வருடம் அவளை ஏமாற்றியது போதாதா? இது அவர் வாசித்தது இல்லை, யாரோ மேலே போட்ட பாட்டு என்று சொன்னேன். அவள் எழுந்து டிவியை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள், "அப்ப அவரு வாசிச்சது எங்கக்கா?"

அந்தக் கேள்வியோடு நேராக அந்த வீடியோக்காரரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை. உட்காரச் சொன்னார், டீ வாங்கி வரச் சொன்னார்.

"பாட்டே இல்லாம சும்மா ரொம்ப நேரம் வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க மேடம். பாக்குறவங்களுக்குச் சலிச்சுப்போயிருமேன்னு நல்ல பாட்டாப் பாத்து மிக்ஸிங்ல போட்டேன். கோயில் வீடியோங்கிறதால அம்மன் பாட்டு. யாரும் சொல்லல, நானா செஞ்சதுதான்."

பழைய சத்தம் தனியாக இருக்கிறதா என்று கேட்டேன். மிக்ஸிங் முடிந்ததும் கார்டை அழித்துவிட்டு அடுத்த காதுகுத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு உபகாரம் செய்ததற்கு இந்த அம்மா ஏன் குதிக்கிறாள் என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கள்ளத்தனம் பண்ணியிருந்தால் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. பரணில் கிடந்த எங்கள் கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டேன். மறுவீடு கிளம்பும்போது அப்பா என் தலையில் கை வைத்து என்னவோ சொல்கிறார். அவர் உதடு அசைகிறது, நான் தலையாட்டுகிறேன். கேட்பது ஒரு சினிமாப் பாட்டு. இத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு உறுத்தியதில்லை. அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னது என்ன என்று எனக்கு ஞாபகமும் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டுப் பீரோவில் இப்படி வாயசைக்கிற மனிதர்கள் கிடக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்கு அதே கமிட்டி அந்தக் குழுவைக் கொண்டாடப் போவதாக பிளக்ஸ் வைத்தது. உயிரோடு இருந்தபோது டெஸ்டிங் எப்போது முடியும் என்று கேட்ட கமிட்டி இனம்தான், இப்போது கிட்டார்க்காரருக்கு 'மெல்லிசை மாமணி' என்று பட்டம் போட்டிருந்தது. மீமிசல் கச்சேரியை எல்.இ.டி. திரையில் போடப் போகிறார்களாம், அவர் மனைவிதான் சிறப்பு விருந்தினராம். நான் தலைவரிடம் போய், போடுவதானால் அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள் என்றேன். சத்தமில்லாமல் போட்டால் சனம் எழுந்து போய்விடும் என்றார். பொய்ச் சத்தத்துக்கு உட்காருகிற சனம் எழுந்து போனால் என்ன என்று கேட்டேன். அவர் வேறு யாரோ கூப்பிட்டதுபோல போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

போகவே வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவர் வாசித்த இடத்தையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். டிரம்ஸ்காரர் தன் வேனிலேயே எங்களை அழைத்துப் போனார். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். பேச்சு, மாலை, இன்னும் பேச்சு. பொழுது சாய்ந்ததும் திரையில் கச்சேரி ஓடத் தொடங்கியது. மூன்றாவது பாட்டு வந்தது. கிட்டார்க்காரர் முன்னால் வந்தார். எட்டு ஸ்பீக்கர் பெட்டியிலும் அம்மன் பாட்டு கிளம்பி ஊரையே அதிர வைத்தது.

நான் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கூட்டத்தின் நடுவே நடந்து மிக்ஸருக்குப் பக்கத்தில் போய் நின்று, ரேடியோ செட்டுக்காரரிடம் ஏதோ சொன்னாள். சிறப்பு விருந்தினரே வந்து கேட்கும்போது அவர் என்ன செய்வார்? சத்தத்தைக் குறைத்தார். முழுதாக நிறுத்தும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

திரையில் விரல்கள் ஓடின. ஒரு சத்தமும் இல்லை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. என்ன ஆச்சு, செட்டு போயிருச்சா என்று கூட்டம் சலசலத்தது. தலைவர் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினார். அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். திரையில் ஏலக்காரர் துண்டோடு எழுந்து வாயைத் திறந்தார்.

அதே நேரத்தில் கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் கூவல் வந்தது.

ஏலக்காரரேதான். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரலும் பழைய குரல் இல்லை. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கூவிவிட்டு நிறுத்தினார். திரையில் கிட்டார்க்காரர் கம்பியை இழுத்துப் பதில் சொன்னார். பதில் யாருக்கும் கேட்கவில்லை. ஏலக்காரர் அதற்கு நேரம் விட்டுக் காத்திருந்து, முந்தியதைவிடக் கொஞ்சம் ஏற்றிக் கூவினார். திரும்பவும் காத்திருந்தார். என் பக்கத்தில் டிரம்ஸ்காரர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், அவர் கன்னமெல்லாம் ஈரம். எழுந்து போய்விடும் என்று தலைவர் சொன்ன சனத்தில் ஒருத்தர்கூட அசையவில்லை.

அவள் திரையில் ஓடிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. அந்த விரல்களைப் பால் கறக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

அப்போதுதான் தலைவருக்கு நிகழ்ச்சி நிரல் ஞாபகம் வந்தது. அறிவிப்பாளர் மைக்கை எடுத்து, அன்னாரின் துணைவியாருக்கு இப்போது பொன்னாடை என்று ஆரம்பித்தார். போட்டோக்காரர் முன்னால் ஓடிவந்து மண்டியிட்டார். தலைவர் ஜரிகைப் பொன்னாடையை விரித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து திரையை மறைத்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டி, மாட்டை ஒதுக்குகிற மாதிரி அவரைப் பக்கவாட்டில் ஒதுக்கினாள்.

"கொஞ்சம் இருங்க. அவரு இன்னும் முடிக்கல."

தலைவர் விரித்த பொன்னாடையோடு ஓரமாக நின்றார். திரையில் அவர் முடிக்கிறவரை நின்றார்.